வீடு வடக்கே, வேலை தெற்கே: மும்பை நெரிசலின் கதை

மும்பைக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் எது? வீடு எங்கே பார்க்கலாம்? இரண்டாவது கேள்விக்கு இந்த ஊரில் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்வதில்லை. "டோம்பிவிலியா? ஃபாஸ்ட் வண்டி கிடைச்சா வி.டி.க்கு ஒண்ணே கால் மணி நேரம். நெருலா? ஹார்பர் லைன், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது" என்றுதான் சொல்வார்கள். ஊரே நிமிடக் கணக்கில் ஓடுகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால், "ஜனத்தொகை சார், என்ன பண்றது" என்பார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, வேலை எங்கே இருக்க வேண்டும், வீடு எங்கே இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எது ஓட வேண்டும் என்று அறுபது எழுபது வருடங்களாக எடுத்த முடிவுகளிலும், எடுக்காமல் விட்ட முடிவுகளிலும் இருக்கிறது. நான் நகரமைப்பு நிபுணன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளுகிறவன். ஆனாலும் ஒரு கம்பெனியின் பழைய பேலன்ஸ் ஷீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எங்கே சறுக்கியது என்று தெரியுமில்லையா? அந்த மாதிரி இந்த ஊரின் பழைய திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். மும்பை தெற்கு நோக்கி நீட்டிய ஒரு விரல் மாதிரி இருக்கும். மேற்கே அரபிக் கடல். கிழக்கே துறைமுகமும் தாணே கடற்கழியும். விரல் நுனியில் கோட்டை. கிழக்கிந்திய கம்பெனிக் காலத்திலிருந்து ஆபீஸ், துறைமுகம், பங்குச் சந்தை, வங்கி எல்லாம் அந்த நுனியில்தான். 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் ரயில் ஓடியது. அதற்குப் பிறகு வந்த தண்டவாளங்களும் பெரும்பாலும் தெற்கு வடக்காகவே போயின. இடம் அப்படி.

1896-ல் பிளேக் வந்தது. நெரிசலான தெருக்களில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். புதுச் சாலைகள் போட்டு, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் காற்றோட்டமான மனைகளைப் பிரித்தார்கள். மாட்டுங்காவில் நம் ஆட்கள் குடியேறியது அந்த மனைகளில்தான். 1925-ல் மின்சார ரயில் வந்த பிறகு வடக்கே போய்க் குடியிருப்பது இன்னும் சுலபமானது. ஆனால் எல்லோரும் வீட்டைத்தான் வடக்கே கொண்டுபோனார்கள். வேலை தெற்கிலேயே நின்றுவிட்டது. காலையில் ஊரே தெற்கே போகும், மாலையில் ஊரே வடக்கே திரும்பும். எதிர்த் திசை வண்டிகளில் காற்று வாங்கும். பாதி நேரம் பாதிக் கொள்ளளவு சும்மா கிடக்கிற தொழிற்சாலைக்கு எந்த மேனேஜர் கடன் கொடுப்பார்?

இது அந்தக் காலத்திலேயே புரியாமல் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு, 1948-ல் என்.வி. மோடக் என்ற இஞ்சினியரும் ஆல்பர்ட் மேயர் என்ற அமெரிக்க நகரமைப்பாளரும் சேர்ந்து பெருநகர பம்பாய்க்கு ஒரு திட்ட வரைவு தந்தார்கள். (சண்டிகருக்கு முதல் திட்டம் போட்டவரும் இந்த மேயர்தான்.) புறநகர்களையும் துணை நகரங்களையும் ஒழுங்காக வளர்க்கச் சொன்னார்கள். 1958-ல் பொதுப்பணித் துறைச் செயலாளர் எஸ்.ஜி. பர்வே தலைமையில் ஒரு குழு. போக்குவரத்து நெரிசல், வீட்டுப் பஞ்சம், தொழிற்சாலைகள் ஒரே இடத்தில் குவிவது என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொன்னார்கள். குழு 1959 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு முக்கியமான சிபாரிசு: தாணே கடற்கழியின் குறுக்கே ரயிலும் சாலையும் சேர்ந்த ஒரு பாலம் கட்டுங்கள், ஊர் கிழக்கே பரவட்டும். 'ரயிலும் சாலையும்' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து 1962-ல் வில்பர் ஸ்மித் என்ற அமெரிக்க நிறுவனத்தை அழைத்தார்கள். 1963-ல் அறிக்கை வந்தது. மேற்குக் கடலோரமாக ஒரு விரைவுச் சாலை, துறைமுகக் கடலைத் தாண்டி எதிர்க்கரைக்கு ஓர் இணைப்பு என்று பெரிய பெரிய யோசனைகள்.

இங்கே கொஞ்சம் பாடம். போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாக நான்கு கேள்விகள் கேட்பார்கள். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் கிளம்புகிறார்கள்? எங்கே போய்ச் சேருகிறார்கள்? எதில் போகிறார்கள்? எந்த வழியாகப் போகிறார்கள்? இன்றைய கணக்கை எடுத்து, இருபது முப்பது வருடம் கழித்து இது எவ்வளவு ஆகும் என்று மதிப்பிட்டு, அதற்கேற்ப சாலையும் தண்டவாளமும் போட வேண்டும். இதில் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் ரோட்டில் கிடையாது. யாரும் பயணம் செய்வதற்காகப் பயணம் செய்வதில்லை. (சிம்லா டூரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) வீடு ஓர் இடத்திலும் சம்பளம் இன்னோர் இடத்திலும் இருப்பதால் போகிறோம். ஆக, இந்த இரண்டு இடங்களையும் தீர்மானிக்கிறவர்தான் நெரிசலையும் தீர்மானிக்கிறார்.

இதைப் பளிச்சென்று சொன்னவர்கள் மூன்று பேர்: கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கோரியா, பிரவீணா மேத்தா, இஞ்சினியர் சிரிஷ் படேல். 1964-ல் மாநகராட்சி ஒரு வளர்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டது. இவர்கள் மாற்று யோசனை சொன்னார்கள். 1965-ல் 'மார்க்' என்ற கலைப் பத்திரிகையில் அது விரிவாக வெளிவந்தது. சாரம் இதுதான்: வடக்கே நீட்டிக்கொண்டே போகாதீர்கள், துறைமுகக் கடலின் எதிர்க்கரையில் ஒரு புது நகரத்தைக் கட்டுங்கள், தலைமைச் செயலகம் உட்பட அரசு அலுவலகங்களை அங்கே கொண்டுபோங்கள், மற்ற வேலைகள் தானாகப் பின்னால் வரும். கடல் ஓரமாக இருந்த ஊர், கடலை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துவிடும். கூட்டம் ஒரே திசையில் முட்டி மோதாது.

அரசாங்கமும் காது கொடுத்துக் கேட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பொருளாதார அறிஞர் டி.ஆர். காட்கில் தலைமையிலான குழு 1966-ல் அறிக்கை தந்தது. நகர எல்லையை மட்டும் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள மண்டலம் முழுவதற்கும் திட்டம் போடுங்கள் என்பது அதன் அடிப்படை. அதே வருடம் மகாராஷ்டிர மண்டல, நகரத் திட்டச் சட்டம் வந்தது. 1967-ல் பம்பாய் பெருநகர மண்டலம் அறிவிக்கப்பட்டது. 1970 ஜனவரியில் மண்டலத் திட்ட வரைவு, மார்ச்சில் சிட்கோ. ஜே.பி. டிசூசா மாதிரி நேர்மைக்குப் பெயர் போன அதிகாரிகள் தலைமை தாங்க, அந்த மூவரில் கோரியாவும் படேலும் உள்ளேயே வந்து வேலை பார்த்தார்கள். 95 கிராமங்கள், சுமார் 344 சதுர கிலோமீட்டர், 20 லட்சம் பேருக்கு ஒரு புது ஊர்.

கணக்குப்பிள்ளைக் கண்ணுக்கு சிட்கோவின் நிதி ஏற்பாடு அழகானது. நிலத்தை விவசாய விலைக்கு வாங்கு, சாலை, தண்ணீர், சாக்கடை போடு, மனையை விற்று வரும் லாபத்தில் அடுத்த பகுதியைக் கட்டு. ஆனால் அந்த 'விவசாய விலை' யாருடைய செலவு? ஆக்ரி, கோலி மக்களுடையது. 1984 ஜனவரியில் உரண் பக்கம் ஜாசாயில், டி.பி. பாட்டீல் தலைமையில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு 5 பேர் பலியானார்கள். எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மேம்படுத்தி நிலம் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தரும் திட்டம் அந்தப் போராட்டத்தின் பலன். நவி மும்பையில் ஃபிளாட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சரி, இவ்வளவு நல்ல திட்டம் ஏன் தடம் புரண்டது?

மூன்று துண்டுகளும் சேர்ந்து வர வேண்டும்: வீடு, வேலை, ரயில். மூன்றும் தனித்தனியாக, வேறு வேறு காலத்தில் வந்தன.

முதல் துண்டு, வேலை. எதிர்க்கரையில் புது ஊர் என்று அரசாணை போட்ட அதே காலத்தில், அதே அரசாங்கம் விரல் நுனியில் கடலைத் தூர்த்து நரிமன் பாயிண்டில் மாடி மாடியாக ஆபீஸ் கட்ட இடம் கொடுத்தது. தலைமைச் செயலகம் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. வீட்டுக்காரரே குடிபோகாத புது வீட்டுக்கு வாடகைக்கு யார் வருவார்?

இரண்டாவது துண்டு, ரயில். 1973-ல் வாஷி பாலம் திறந்தார்கள். சாலை மட்டும். பர்வே குழு சொன்ன ரயில் அதில் இல்லை. மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் போனது 1992 மே மாதம். நடுவில் 19 வருடம்! அதுவும், செலவில் மூன்றில் இரண்டு பங்கை சிட்கோ ஏற்றுக்கொண்ட பிறகுதான். ரயில் வந்ததும் என்ன ஆயிற்று? வாஷி, சான்பாடா, நெருல் என்று ஸ்டேஷனைச் சுற்றி ஊர் நிறைந்தது. மசூதி பந்தர் பக்கம் லாரிகளால் திணறிக்கொண்டிருந்த மொத்த மார்க்கெட்டுகள் ஏற்கெனவே ஒவ்வொன்றாக வாஷிக்கு நகர ஆரம்பித்திருந்தன. 1989-ல் நாவா சேவாவில் புதுத் துறைமுகம் திறந்தார்கள். 1932-லிருந்து மாட்டுங்கா பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் எஸ்.ஐ.இ.எஸ். நெருலிலும் கல்லூரி கட்டியது. 2004-ல் தாணேயிலிருந்து வாஷிக்கு நேர் ரயில் வந்தது. ஐரோலி, கன்சோலியில் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் வர, இன்று காலையில் நவி மும்பை நோக்கியும் கூட்டமாக வண்டிகள் வருகின்றன. திட்டம் தவறில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மூன்றும் சேர்ந்த இடத்தில் அது வேலை செய்தது.

1975-ல் மண்டலம் முழுவதற்கும் ஒரு வளர்ச்சி ஆணையம் அமைத்தார்கள் (இன்றைய எம்.எம்.ஆர்.டி.ஏ.). நரிமன் பாயிண்டுக்கு மாற்றாக பாந்த்ரா-குர்லா வளாகத்தை 1977-லிருந்து உருவாக்கியது அதுதான். தேசியப் பங்குச் சந்தை, நபார்டு, பல வங்கிகளின் தலைமையகங்கள் அங்கே போயின. வேலை விரல் நுனியை விட்டு நடுவுக்கு வந்தது, நல்ல விஷயம். ஆனால் உள்ளே ரயில் கிடையாது. பாந்த்ராவிலோ குர்லாவிலோ இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் கியூவில் நின்று, கடைசி மூன்று கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். அந்த வளாகத்துக்குள் மெட்ரோ வந்தது 2024 அக்டோபரில். வாஷியில் ரயில் இல்லாமல் ஊர் காத்திருந்தது. இங்கே ரயில் இல்லாமல் ஆபீஸ் காத்திருந்தது.

பரேல் கதை இன்னும் மோசம். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலங்களில் பிறகு கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. மில் தொழிலாளி பக்கத்துச் சாலில் குடியிருந்து நடந்தே வேலைக்குப் போவார். கண்ணாடிக் கட்டட ஊழியர் தாணேயிலிருந்தும் விராரிலிருந்தும் ரயிலில் வருகிறார். ஸ்டேஷனும் நடைபாலமும் மட்டும் பழைய அளவு. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டம் எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைபாலத்தில் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். அதை விபத்து என்று எழுதினார்கள். ஆயிரக்கணக்கான வேலைகளுக்கு அனுமதி கொடுத்த மேஜையும், அந்த ஆட்கள் நடந்து வர வேண்டிய படிக்கட்டைக் கவனிக்கும் மேஜையும் ஒன்றோடொன்று பேசாததன் விளைவு என்று நான் எழுதுவேன்.

ரயிலுக்குப் பணமில்லை என்ற அதே வருடங்களில் பாலங்களுக்குப் பணம் இருந்தது. 1990-களின் பிற்பாதியில் மாநில அரசு 55 மேம்பாலங்கள் என்று அறிவித்துக் கட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. வங்கிக் கிளையில் இரண்டாவது கேஷ் கவுண்டர் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நேற்று வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களெல்லாம் இன்று வந்து நிற்பார்கள். ஒரு வாரத்தில் இரண்டு வரிசையும் பழைய நீளம். சாலையும் அப்படித்தான். காலி இடம் தெரிந்தால் ரயிலில் போனவர் கார் வாங்குகிறார்.

குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்பது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம். ஆறு மாத டெபாசிட்டை வாங்கி இருபது வருடக் கடனாகக் கொடுத்தால் வங்கி தள்ளாடும். காலம் பொருந்தவில்லை என்போம். மண்டலத் திட்டம் இருபது வருடத்துக்கு. ஆட்சி ஐந்து வருடத்துக்கு. மேம்பாலத்தை அந்த ஐந்துக்குள் கட்டி ரிப்பன் வெட்டிவிடலாம். ரயில் பாதைக்கு நிலம் எடுக்கவே ஐந்து போதாது. 2002-ல் உலக வங்கிக் கடனுடன் புறநகர் ரயிலை மேம்படுத்தும் திட்டம் தொடங்கியபோது, தண்டவாள ஓரத்திலும் சாலை ஓரத்திலும் குடியிருந்த சுமார் 1 லட்சம் பேரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. தாணே-திவா இடையே கூடுதலாக இரண்டு பாதைகள் போடும் வேலைக்கு 2008-ல் ஒப்புதல். முடிந்தது 2022 பிப்ரவரியில். 14 வருடத்தில் எத்தனை மந்திரிகள்!

இதற்கெல்லாம் வட்டி கட்டுவது யார்?

வீட்டுக் கடன் பிரிவில் இருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவர் வந்தார். "சார், செம்பூர்ல ஒரு ரூமுக்குச் சொல்ற விலையில பத்லாபூர்ல ரெண்டு பெட்ரூம் வருது" என்றார். "ஆபீஸ் எங்க தம்பி?" என்றேன். "லோயர் பரேல் சார்." படிவத்தில் சம்பளத்துக்குக் கட்டம் இருக்கிறது, மாதத் தவணைக்குக் கட்டம் இருக்கிறது. பயண நேரத்துக்குக் கட்டம் இல்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். போக வர 3 மணி நேரம், வருடத்துக்கு 280 நாள். 840 மணி நேரம், அதாவது 35 முழு நாட்கள். 30 வருட சர்வீஸில் 1,050 நாட்கள். பிள்ளை முழித்திருக்கும்போது அப்பா வீட்டில் இல்லாத நாட்கள். விலை குறைந்த வீட்டுக்கு மீதி விலையை இப்படிக் கட்டுகிறோம். சிலர் அதற்கு மேலும் கட்டுகிறார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் எதிரெதிரே போன இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் கீழே விழுந்தார்கள். குறைந்தது 4 பேர் உயிர் போனது. கல்யாண், டோம்பிவிலிக் குடும்பங்களில் அன்றைக்கு போன் அடிக்காத வீடு இருந்திருக்காது.

2024-ல் பழைய கனவுகள் இரண்டு நிறைவேறின. 1963 அறிக்கையில் இருந்த எதிர்க்கரை இணைப்பு, சிவ்ரியிலிருந்து நாவா சேவாவுக்கு 21.8 கிலோமீட்டர் அடல் சேதுவாக ஜனவரியில் திறந்தது. மேற்குக் கடலோரச் சாலையின் முதல் பகுதி மார்ச்சில் திறந்தது. அறுபது வருடம் கழித்து! இஞ்சினியர்களின் சாமர்த்தியத்தில் குறையே இல்லை. ஆனால் அடல் சேதுவிலும் ரயில் கிடையாது. காருக்கு ஒரு வழிக்கு 250 ரூபாய் சுங்கம் வைத்துத் திறந்தார்கள். டூவீலருக்கு அனுமதி இல்லை. கொரோனாவுக்கு முன் புறநகர் ரயிலில் தினமும் சுமார் 75 லட்சம் பேர் போனார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாலம்? 1973-ல் விட்ட அதே துண்டை மறுபடி விட்டிருக்கிறோம். ஆறுதலுக்கு, அதே ஜனவரியில் நெருல், பேலாப்பூரிலிருந்து போகும் ரயில் உரண் வரை நீண்டது. 2025 அக்டோபரில் மூன்றாவது மெட்ரோ கஃப் பரேட் வரை, 33.5 கிலோமீட்டரும் முழுதாக ஓட ஆரம்பித்தது.

இப்போது மண்டலத்துக்கு 2036 வரைக்குமான திட்டம் இருக்கிறது. 2016-ல் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டு, 2021-ல் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆட்சேபணை கேட்பது சட்டப்படி கட்டாயம். நம் சொசைட்டிகளிலும் தமிழ்ச் சங்கங்களிலும் எத்தனை பேர் ஒரு கடிதமாவது போட்டோம்? "நமக்கெதுக்கு, இன்னும் ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு இங்கேயே இருக்கிறோம். வசாய் கிறிஸ்தவர்களும் உரண் விவசாயிகளும் வரைபடத்தை விரித்து வைத்து சர்வே நம்பர் வாரியாகக் கேள்வி கேட்கிறார்கள். நிலம் அவர்களுடையது. ஆனால் அந்த 35 நாட்கள் நம்முடையவை.

வீடு பார்க்கிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். பில்டர் காட்டும் படத்தில் 'வரப்போகும் மெட்ரோ' என்று கோடு போட்டிருந்தால், வேலை ஆரம்பித்துவிட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். வேலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை திட்ட வரைவு வெளியாகும்போது, புது ஊரில் வீட்டோடு எத்தனை வேலை, எந்த வருடம் ரயில் என்று கேட்டு ஒரு பக்கக் கடிதம் போடுங்கள். மராத்தியில் எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், ஸ்கூலில் படிக்கிறார்கள்.